சார்ஜென்ட் கின்செல்லாவின் குடும்பத்தார்

நவம்பர் 2

தண்ணீர்: காலை காபி 100, மாத்திரைக்கு 50, மதியம் ரசம் 150, மாலை டீ 100, இரவு 200. மொத்தம் 600. நல்ல பிள்ளை.

இந்த நோட்டை வாங்கச் சொன்னவர் சிறுநீரக டாக்டர். என் கணவர் ஒரு நாளைக்குக் குடிக்கிற தண்ணீரை மில்லிக் கணக்கில் எழுதி வைக்க வேண்டுமாம். எண்ணூறைத் தாண்டக் கூடாதாம். அதற்கு ஒரு வரி போதும். நான் வாங்கியது இருநூறு பக்க நோட்டு. தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் முப்பத்தொரு வருடம் இருந்தவளுக்கு வெற்றுத்தாளைப் பார்த்தால் கை அரிக்கிறது. மீதி இடத்தில் என் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்கிறேன். டாக்டர் படித்தால் படிக்கட்டும்.

இன்று கல்லறைத் திருநாள். ஆகவே எங்கள் வீட்டுத் துரைக்கு வருடாந்திர அயர்லாந்துக் காய்ச்சல். துரை என்றால் டெஸ்மண்ட் கின்செல்லா, வயது எழுபத்திரண்டு, ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. முப்பத்தாறு வருடம் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே போய்ப் போய் வந்தவர். மேற்கே அவர் பார்த்த கடைசி ஊர் அரக்கோணம், அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. ஆனால் “நம்ம நேட்டிவ் பிளேஸ் வெக்ஸ்ஃபோர்ட்” என்று சொல்லும்போது, போன வாரம்தான் அங்கிருந்து கப்பலில் வந்து இறங்கினார் என்று நினைக்கத் தோன்றும். கோபம் வந்தால் அது ஐரிஷ் டெம்பர். பாடினால் ஐரிஷ் தொண்டை. மார்ச் பதினேழு, அயர்லாந்துக்காரர்களின் திருநாள், வந்தால் பச்சை டை கட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போவார். குறட்டைக்கு மட்டும் எந்த நாடும் பொறுப்பேற்கவில்லை.

இதற்கெல்லாம் ஆதாரம் கன்டோன்மென்ட் கல்லறைத் தோட்டத்தில் மூன்றாவது வரிசையில் இருக்கும் ஒரு கல். ‘தாமஸ் கின்செல்லா, சார்ஜென்ட், அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர், 1894இல் இறந்தார்’ என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். துரையின் கொள்ளுத்தாத்தா. கல்யாணமானதிலிருந்து முப்பத்தெட்டு நவம்பராக அந்த மேடைக்கு நான்தான் வெள்ளையடிக்கிறேன், செவ்வந்தி வைக்கிறேன், மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். துரை பக்கத்தில் நின்று மேற்பார்வை. மீனம்பாக்கத்து விமானம் ஒவ்வொன்றும் தலைக்கு மேல் இறங்குகிறது. சார்ஜென்ட்டுக்கு எப்படித்தான் தூக்கம் வருகிறதோ.

பூசை முடிந்ததும் கல்லறைக் கமிட்டிச் செயலாளர் பெல்லார்மின் மைக்கைப் பிடித்தார். (பங்குக் கோயிலின் பெயரை இந்த நோட்டில் எழுத மாட்டேன். அந்த ஆள் கேஸ் போடக்கூடியவர்.) தோட்டம் நிரம்பிவிட்டதாம். ஜனவரியிலிருந்து புதுக் குழி கிடையாதாம். இறப்பவர்களை மதிலோரம் கட்டியிருக்கும் கான்கிரீட் அடுக்கில் வைப்பார்களாம். குடும்பக் கல்லறை உள்ளவர்கள் மட்டும் அதைத் திறந்து அடக்கம் செய்யலாம். ஆனால் உள்ளே இருப்பவர் தங்கள் குடும்பத்தார்தான் என்பதை ஜனவரிக்குள் ஆவணத்தோடு காட்ட வேண்டுமாம்.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது.

“லாக்கர், மேன்! பேங்க் லாக்கர் மாதிரி என்னை உள்ள தள்ளிப் பூட்டுவானா? நோ வே. நான் சார்ஜென்ட் பக்கத்துலதான் படுப்பேன். ஜெர்ட்டி, நீ ரெக்கார்டு ரூம்ல இருந்தவதானே? எடு பேப்பரை.”

எடுவாம். அலமாரியிலிருந்து சட்டை எடுப்பதுபோல.

ஜனவரிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றேன். இருக்கிறது. போன மாதம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

நவம்பர் 5

தண்ணீர் 750.

பெல்லார்மின் வீட்டுக்குப் போனேன். காபி தரவில்லை; விதிமுறை தந்தார், நான்கு பக்கம். ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. எதைக் கொடுத்தாலும் முகவரி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற கண்.

“உங்க வீட்டுக்காரர், அவரோட அப்பா, தாத்தா, அப்புறம் அந்த சார்ஜென்ட். நாலு பேருக்கு நடுவுல மூணு கண்ணி இருக்கு சிஸ்டர். மூணுக்கும் பேப்பர் வேணும்.”

“இந்த ஊர்ல கின்செல்லான்னு வேற யார் சார் இருக்காங்க? பேரு ஒண்ணாத்தானே இருக்கு?”

“பேரு ஒண்ணா இருந்தா ஆச்சா? எங்க தெருவுல மூணு மரியதாஸ் இருக்கான். மூணு பேரையும் ஒரே குழியில போடலாமா?”

அந்த மூன்று மரியதாஸையும் எனக்குத் தெரியும். போடலாம்.

இரண்டு கண்ணிக்குப் பிரச்சினை இல்லை. துரையின் ஞானஸ்நானச் சீட்டில் அப்பா சிரில். சிரில் சீட்டில் அப்பா பேட்ரிக். இரண்டும் பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கின்றன. பேட்ரிக் ரயில்வேயில் ஃபயர்மேனாகச் சேர்ந்து, டிரைவராகி, 1938இல் குண்டக்கல்லில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டவர். அந்த பேட்ரிக் சார்ஜென்ட்டின் மகன் என்பதற்குத்தான் துண்டுச் சீட்டு கிடையாது. “எல்லாருக்கும் தெரியும்” என்கிறார் துரை. எல்லாருக்கும் தெரிந்ததை எந்த ஆபீஸும் ஏற்றுக்கொண்டதாக எனக்கு ஞாபகமில்லை.

நவம்பர் 9

தண்ணீர் 1,100. ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டு காலி. கேட்டால், ஐஸெல்லாம் தண்ணீர்க் கணக்கில் வராதாம்.

நவம்பர் 14

தண்ணீர் 700.

பங்கு அலுவலகம். ஃபாதர் ததேயுஸ் இளவயது, நல்ல மனிதர். சாவியைக் கொடுத்துவிட்டு, “அம்மா, அலமாரிக்குள்ள பல்லி இருக்கும்” என்று ஒரு ஆசீர்வாதமும் கொடுத்தார். பல்லி இருந்தது. கரையானும் இருந்தது. இவற்றோடு முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தியவள் நான். எங்களுக்குள் மரியாதை உண்டு.

மூன்று மணி நேரத்தில் பிடித்துவிட்டேன். 1908, திருமணப் பதிவேடு. மணமகன் பேட்ரிக் கின்செல்லா, வயது முப்பத்தைந்து. தகப்பன் பெயர்: தாமஸ் கின்செல்லா, சார்ஜென்ட், காலமானார். வாய்விட்டுச் சிரித்தேன். பல்லி ஓடிவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். துரை நாற்காலியிலிருந்து எழுந்து எனக்கு சல்யூட் அடித்தார். பிறகு மூச்சு வாங்கியது, உட்கார்ந்துவிட்டார்.

நவம்பர் 15

வெற்றியைக் கொண்டாட ஐரிஷ் ஸ்ட்யூ கேட்டார். சிறுநீரக நோயாளிக்கு உருளைக்கிழங்கு விஷம். நறுக்கி, ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேகவைத்து, அதையும் கொட்டி, மிஞ்சியதில் ஆறு துண்டு கொடுத்தேன். வெக்ஸ்ஃபோர்டின் வாரிசு ஆறு துண்டையும் எண்ணிச் சாப்பிட்டார். உப்பு இல்லை என்றார். ஆமாம், உப்பும் விஷம்தான்.

நவம்பர் 18

பெல்லார்மின் கல்யாணச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கல்யாணத்துல மாப்பிள்ளை வாயில சொல்றதை எழுதிக்குவாங்க சிஸ்டர். யாரு சரிபாத்தாங்க? ஞானஸ்நானப் பதிவு கொண்டாங்க.”

இதில் எரிச்சலான விஷயம், அவர் சொன்னது சரி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன், காபி கொடுக்காமல்.

நவம்பர் 27

தண்ணீர் 650. மூன்று நாளாகக் கால் வீக்கம்.

ஞானஸ்நான அட்டவணையை அ முதல் ஃ வரை பார்த்தாகிவிட்டது. யாரோ ஒரு கன்னியாஸ்திரீ ஐம்பதுகளில் குடும்பப் பெயர் வாரியாக எழுதிவைத்தது. முத்து முத்தான கையெழுத்து. கின்செல்லா என்ற தலைப்பின் கீழ் சிரிலும் அவர் தங்கைகளும் இருக்கிறார்கள். பேட்ரிக் இல்லை.

“வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குத் தனிப் புக் இருந்திருக்கும். லண்டன்ல இருக்கும்” என்றார் துரை. குரலில் பெருமை. காணாமல் போனால்கூட இவர்கள் வீட்டு ஆட்கள் லண்டனில்தான் காணாமல் போவார்கள்.

டிசம்பர் 1

டயாலிசிஸ். நாலரை மணி நேரம். நர்ஸிடம் வெக்ஸ்ஃபோர்ட் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கேரளாவா என்று கேட்டாள்.

டிசம்பர் 4

தண்ணீர் 700 இருக்கும். சரியாகப் பார்க்கவில்லை.

காலையில் தோசை வார்க்கும்போது உறைத்தது. அட்டவணை குடும்பப் பெயர் வாரியாக இருக்கிறது. அப்படியானால் குடும்பப் பெயர் இல்லாதவர்கள் எங்கே? தோசை கருகியது. ஃபாதரிடம் ஓடினேன். அவர் அடித்தட்டில் மெழுகுதுணியில் சுற்றிக் கிடந்த புத்தகத்தைக் காட்டினார்.

1877. பஞ்சம். நிவாரண முகாமில் கிடந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த புத்தகம். ஒரே நாளில் நாற்பது பேர், ஐம்பது பேர். லத்தீனில் பெயர், சுமாரான வயது, அவ்வளவுதான். பலர் பெயருக்குப் பக்கத்தில் ஓரமாக ஒரு சின்னச் சிலுவை. “செத்துட்டாங்கன்னு அர்த்தம்மா” என்றார் ஃபாதர். ஒரு பக்கத்தில் எல்லாப் பெயருக்கும் சிலுவை இருந்தது. அந்தப் பக்கத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பதினேழாம் பக்கத்தில் பேட்ரிக். ஃபாதர் அகராதியைப் புரட்டிப் புரட்டிச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். ‘பேட்ரிக், வயது சுமார் நான்கு. தாய் முனியம்மாள், மதுராந்தகம் தாலுகாவிலிருந்து நடந்து வந்தவள், முகாமில் இறந்தாள். தகப்பன் தெரியாது. ஞானத்தந்தை தாமஸ் கின்செல்லா, சார்ஜென்ட், முகாம் மேற்பார்வையாளர்.’ ஓரத்தில் சிலுவை இல்லை. அந்த இடத்தில் வேறு மையில் ஒரு வரி: ‘ஞானத்தந்தை இவனைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவருக்கு மனைவியோ மக்களோ இல்லை.’

“அந்தக் காலத்துல ஞானத்தகப்பன் பேரையே குடும்பப் பேரா வெச்சுக்குவாங்கம்மா, யாருமில்லாத பிள்ளைங்க” என்றார் ஃபாதர். 1877இல் நான்கு என்றால் 1908இல் முப்பத்தைந்து. கணக்கு உதைக்கவே இல்லை.

எனக்கும் கல்யாணத்துக்கு முதல் நாள் இதே கோயில் ஞானஸ்நானத் தொட்டியில்தான் பெயர் மாறியது. செண்பகவல்லியாகப் போனேன், ஜெர்ட்ரூடாக வந்தேன். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்து, “கின்செல்லா ஃபேமிலிக்கு வர்றே, பாத்து நடந்துக்கோ” என்றார். அம்மணி, நீங்கள் இப்போது எங்கே இருந்தாலும் இந்தப் பதினேழாம் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

டிசம்பர் 5

முப்பத்தெட்டு வருடம் பச்சை டை. முப்பத்தெட்டு வருடம் வெக்ஸ்ஃபோர்ட். “உங்க சாம்பார்ல எல்லாம் ஒரு டெப்த் இல்லை ஜெர்ட்டி” என்று ஒரு தரம் சொன்னார், 1991இல். எனக்குத் தேதிகூடத் தெரியும்.

இன்று ஒரே ஒரு வரி போதும்: “துரை, உங்க நேட்டிவ் பிளேஸ் மதுராந்தகம். தாம்பரத்துலேருந்து அரை மணிக்கு ஒரு பஸ்.” பல் தேய்க்கும்போது சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

சொல்லவில்லை. டயாலிசிஸ் முடிந்து அவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, நீவிவிட வேண்டியிருந்தது. பிறகு மழை வருகிற மாதிரி இருந்தது, துணி எடுக்க வேண்டியிருந்தது. பிறகு அவர் தூங்கிவிட்டார். எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

டிசம்பர் 10

ஃபாதர் நேர்மையானவர். அதாவது, பதினேழாம் பக்கத்தை பெல்லார்மினிடம் காட்டிவிட்டார்.

“அப்போ சார்ஜென்ட் உங்களுக்கு ஒண்ணும் ஆகமாட்டார் சிஸ்டர். எடுத்து வளத்தவர், அவ்ளோதான்.”

“எடுத்து வளத்தா குடும்பம் இல்லையா சார்?” ஃபாதர்தான் கேட்டார்.

“விதியில ‘குடும்பத்தார்’னு இருக்கு ஃபாதர். வளத்தவங்கன்னு இல்லை. அப்படிப் பாத்தா ஹாஸ்டல் வார்டனும் குடும்பத்தார்தான். உங்க வீட்டுக்காரருக்கு அடுக்குலயே நல்ல இடமாப் பாத்துத் தர்றேன் சிஸ்டர். மேல் வரிசை. காத்து வரும்.”

காற்று வருமாம். முப்பத்தொரு வருடம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் எத்தனையோ பேரிடம் “விதியில இல்லை” என்று சொல்லியிருக்கிறேன். அவர்களெல்லாம் வெளியே போய் என்னை என்ன திட்டியிருப்பார்கள் என்று இன்று தெரிந்துகொண்டேன். அதையே நானும் திட்டினேன், ஆட்டோவில், வீடு வரை.

துரை வாசலில் நின்றார். “என்ன, முடிஞ்சுதா?”

“முடியும்” என்றேன்.

டிசம்பர் 12

தண்ணீர் 500. கேட்பதே குறைந்துவிட்டது.

நிலம் என்று ஒன்று இருந்தால் அதை யாரோ வாங்கியிருக்க வேண்டும். இது தாலுகா ஆபீஸில் பியூனுக்குக்கூடத் தெரியும். எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. வயதாகிவிட்டது.

கல்லறை இடப் பதிவேடு, 1894. மூன்றாவது வரிசை, பதினோராம் இடம். அடக்கப்பட்டவர் தாமஸ் கின்செல்லா. வாங்கியவர் பேட்ரிக் கின்செல்லா, ரயில்வே ஃபயர்மேன், ‘தனக்கும் தன் வாரிசுகளுக்கும் நிரந்தரமாக’.

இருபத்தோரு வயது. கரி அள்ளிப் போடுகிற வேலை. அந்தப் பையன் சார்ஜென்ட்டுக்கு இடம் வாங்கி, கல் வெட்டி, அதில் வெக்ஸ்ஃபோர்டையும் மறக்காமல் போட்டிருக்கிறான்.

இடம் பேட்ரிக்குடையது. துரை பேட்ரிக்கின் பேரன். சார்ஜென்ட் யாருக்கு என்ன ஆக வேண்டும் என்ற கேள்வியே இல்லை. பெல்லார்மின் அதை நான்கு முறை படித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “காபி சாப்பிடறீங்களா சிஸ்டர்?” என்றார். வேண்டாம் என்றேன். குடித்திருக்கலாம், ஃபில்டர் காபி வாசனை வந்தது.

டிசம்பர் 16

துரையின் கையெழுத்துக்காக மனுவும் ஐந்து இணைப்பும். ஞானஸ்நானப் பக்கம் நான்காவது. ஃபாதர் அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்து முத்திரை குத்தியிருந்தார். மனுக்கட்டுக்குள் அது இருக்க வேண்டும் என்கிறார் பெல்லார்மின். துரை அதைப் படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே அந்தத் தாளை நேற்றே உருவி அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தேன். என் சர்வீஸில் ஒரு கோப்பிலிருந்து ஒரு தாளைக்கூட உருவியதில்லை. லஞ்சம் வாங்கியவர்களெல்லாம் தூங்கினார்கள். நான் நேற்று தூங்கவில்லை.

துரை கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகத் திருப்பினார்.

“ஜெர்ட்டி, நாலு எங்கே?”

“எந்த நாலு?”

“ஒன், டூ, த்ரீ, ஃபைவ். ஃபாதர் நம்பர் போட்டிருக்கார், பார். ஒரு பெட்டி மிஸ்ஸிங்.”

“அது தேவையில்லை. கையெழுத்தைப் போடுங்க.”

“முப்பத்தாறு வருஷத்துல பெட்டி எண்ணாம நான் பச்சைக்கொடி காட்டினதில்லை. கொண்டா.”

நம்பர் போடுகிற பாதிரியாரிடம் வேறு நான் மாட்டிக்கொண்டேன். கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு தரம் படித்தார். தாளை மடித்தார். கையெழுத்துப் போடவில்லை. பால்கனிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

டிசம்பர் 17

தண்ணீர் 250. பேசவில்லை.

டிசம்பர் 18

தண்ணீர் 200. ஐரிஷ் டெம்பர் என்று சொல்லி ஒரு தட்டையாவது தூக்கி எறிந்தால் நிம்மதியாக இருக்கும். நானே ஐஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது. நான்தான் இவரைக் கொன்றுவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

டிசம்பர் 20

டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் வரும்போது, பல்லாவரம் பாலத்துக்குக் கீழே, வாயைத் திறந்தார்.

“மதுராந்தகத்துலேருந்து எவ்ளோ தூரம் இருக்கும் ஜெர்ட்டி?”

“அறுபது கிலோமீட்டர் இருக்கும்.”

“தாம்பரம்–பீச் ரெண்டு ட்ரிப்.” விரல் விட்டு எண்ணினார். “நாலு வயசுப் பையனைத் தூக்கிக்கிட்டா நடந்தா?”

“தூக்கியும் இருப்பா, நடக்கவும் வெச்சிருப்பா. சாப்பாடு இல்லாம.”

“கொண்டுவந்து சேத்துட்டுச் செத்துட்டா.” ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். “அவளுக்குக் கல்லு கில்லு ஏதாவது இருக்குமா?”

“பஞ்சத்துல செத்தவங்களுக்கு ஏதுங்க கல்லு? ஒரு குழிக்கு நூறு பேரு.”

வீட்டுக்கு வந்ததும் மனுவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார், ஐந்து இணைப்போடும். பிறகு சொன்னார்: “சார்ஜென்ட்டை நான் விட மாட்டேன். அவர் எனக்குக் கொள்ளுத்தாத்தாதான், அதுல சேஞ்ச் இல்லை. ஆனா கல்லுல அவ பேரும் வரணும். மேல. முதல்ல.”

“சரி.”

“ஜெர்ட்டி, நான் உங்கிட்ட ரொம்ப அலட்டிட்டேனா?”

“ரொம்ப இல்லை. தினம்தான்.”

சிரித்தார். நான்கு நாளுக்குப் பிறகு. தண்ணீர் 700.

டிசம்பர் 25

பூசைக்குப் போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. டிவியில் பார்த்தோம். கேக் விரல் அகலம் கொடுத்தேன்.

இவருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது; பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை, பிறகு இவரும் கற்கவில்லை. ஒரு தாளில் ‘முனியம்மாள்’ என்று எழுதித் தரச் சொல்லி, அதைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார். கல்வெட்டுகிறவனுக்குத் தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இன்று முழுக்க ‘ழு’ மாதிரி ஒரு ‘மு’ வந்தது. நான் திருத்தினால் கோபம் வருகிறது. எந்த நாட்டு டெம்பர் என்று கேட்டேன். மதுராந்தகத்து டெம்பர் என்றார்.

ஜனவரி 5

கமிட்டிக் கூட்டம். துரையும் வந்தார், என் தோளைப் பிடித்துக்கொண்டு. கல்லறையைத் திறக்க அனுமதி ஒரு நிமிடத்தில் கிடைத்தது. கல்லில் பெயர் சேர்க்க மனு என்றதும் பெல்லார்மின் நிமிர்ந்தார்.

“ஞானஸ்நானம் வாங்காத பொம்பளை பேரை நம்ம தோட்டத்துக் கல்லுல எப்படிப் போடறது?”

“விதி ஏழு, சார். குழிக்குள்ள யாரு இருக்கலாம்னு சொல்லுது. கல்லு மேல யாரு பேரு இருக்கலாம்னு நாலு பக்கத்துல ஒரு வரியும் இல்லை. நான் மூணு தடவை படிச்சுட்டேன்” என்றேன்.

துரை மெதுவாக எழுந்தார்.

“பெல்லார்மின், அந்தப் பொம்பளை மட்டும் நடந்து வரலைன்னா உனக்கு ஒரு தலைவலி கம்மி, மேன். இப்போ வந்துட்டா. என்ன செய்யறது?”

ஃபாதர் ததேயுஸ் இருமுவதுபோல் சிரித்தார். பெல்லார்மின் மினிட்ஸ் புத்தகத்தில் ‘ஆட்சேபம் இல்லை’ என்று எழுதினார். பேனா அழுத்தியதில் அடுத்த பக்கத்திலும் பதிந்திருக்கும்.

ஜனவரி 11

கல் செதுக்குகிறவரிடம் போனோம். பட்டறை முழுக்க வெள்ளைத் தூசு, துரைக்கு இருமல். அவர் நீட்டிய தாளை அந்த ஆள் திருப்பிப் பார்த்தார்.

“முனியம்மாளா? சிலுவை போடற கல்லுல முனியம்மாளா சார்? யாரு இவங்க?”

“எங்க வீட்டுப் பெரிய அம்மா. அவங்க கீழ தாமஸ். அதுக்குக் கீழ பேட்ரிக். குண்டக்கல்லுல இருக்கார், பேரு மட்டும் போடு. அப்புறம் ஒரு லைன் விடு, அது எனக்கு.”

“உங்களுக்கு எதுக்கு சார் இப்பவே?”

“பெட்டி எண்ணி வெக்கறது நல்லது.”

அந்த ஆள் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘மு’ அப்படியே இருக்கட்டுமா, சரிபண்ணிப் போடட்டுமா என்று என்னிடம் மட்டும் கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

ஜனவரி 19

ஆஸ்பத்திரி. தண்ணீரை இப்போது அவர்களே எழுதிக்கொள்கிறார்கள்.

ஜனவரி 22

கண்ணைத் திறந்து “கல்லு வந்துடுச்சா?” என்றார். வந்துவிட்டது, வைத்தாகிவிட்டது என்றேன். வரவில்லை, நாளைதான் வரும். இது என் இரண்டாவது மோசடி. இதற்கும் தூக்கம் வரவில்லை.

ஜனவரி 27

டெஸ்மண்ட் இருபத்துநான்காம் தேதி காலை இறந்தார். நேற்று அடக்கம். கல்லும் வந்துவிட்டது.

விதிமுறை நான்கு பக்கத்தையும் கரைத்துக் குடித்த எனக்கு ஒரு விஷயம் தெரியாமலே இருந்திருக்கிறது. மற்ற எல்லாருக்கும் தெரியுமாம், ஆகவே யாரும் எழுதிவைக்கவில்லை. குடும்பக் கல்லறையைத் திறக்கும்போது வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். உள்ளே பழைய எலும்பு இருந்தால் வெள்ளைத் துணியில் முடிந்து அவர் கையில் கொடுப்பார்கள். புதுப் பெட்டியை இறக்கிய பிறகு அதைக் கால்மாட்டில் வைத்து மூடுவார்கள்.

குழிவெட்டுகிறவர் உள்ளேயிருந்து கையை உயர்த்தி, “இந்தக் குழிக்குச் சொந்தக்காரங்க யாரும்மா? கையை நீட்டுங்க” என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. சிரிலின் தங்கைகள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம். பின்னால் பெல்லார்மின் நோட்டும் பேனாவுமாக நின்றிருந்தார். அவரும் யாரையோ தேடுகிறவர்போலப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

“நான்தான்” என்றேன்.

முழங்கை நீளத்தில் இரண்டு எலும்பு, நொறுங்கிய துண்டுகள், பச்சை பூத்த ஒரு பித்தளைப் பொத்தான். அவ்வளவுதான் சார்ஜென்ட். அந்தத் துணி முடிச்சு ஒரு படி அரிசிகூடக் கனக்கவில்லை.

கோயிலிலிருந்து பெட்டி வர அரை மணி நேரமாகும் என்றார்கள். பக்கத்துக் கல்லறை மேடையில் உட்கார்ந்து, முடிச்சை மடியில் வைத்துக்கொண்டேன். பெல்லார்மின் தள்ளிப் போய் நின்றார். யாரும் இல்லை என்றதும் சார்ஜென்ட்டிடம் வாய்விட்டே பேசினேன். எனக்கு இங்கிலீஷ் பேசக் கூச்சம், தமிழில்தான் பேசினேன். முகாமில் வேலை பார்த்தவர், புரிந்திருக்கும்.

“உங்க பையனோட பேரன் வர்றார் சார்ஜென்ட். கொஞ்சம் அலட்டுவார். பொறுத்துக்குங்க, உங்க ஊரைப் பத்தித்தான் அலட்டுவார். அன்னிக்கு அந்தப் புள்ளைய நீங்க தூக்கிக்கிட்டுப் போகலைன்னா எனக்கு இந்த ஆளு கெடச்சிருக்கவே மாட்டார். ரொம்ப நன்றி.”

அதன் பிறகு பெட்டி வருகிறவரை அழுதுகொண்டிருந்தேன்.